இரண்டு பைப்பு ஆழம்

நான் கை போர் போடுகிறவன், அதாவது கையாலேயே குழாய்க் கிணறு இறக்குகிறவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே, உப்பனாற்றை ஒட்டிய ஊர்களில் பெரிய போர் வண்டி இறங்காது. சேற்றில் புதைந்துவிடும். அங்கெல்லாம் மூன்று கழியில் முக்காலி கட்டி, பைப்பை நிறுத்தி, ஆள் பலத்தில் திருப்பித்தான் இறக்க வேண்டும். நானும் என் தாய்மாமாவும் இன்னும் இரண்டு பேரும் அந்த வேலை செய்கிறோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே மணல். அந்த மணலில் ஊறும் தண்ணீர் உப்பு. மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். மணலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் களி. களிக்குக் கீழே மறுபடியும் மணல். அங்கே இருப்பது நல்ல தண்ணீர். களிதான் நடுவில் மூடி. நான் வேலைக்கு வந்த புதிதில் களியைத் தாண்டியதும் தண்ணீர் தானாகப் பொங்கி பைப்பு வாயில் வழியும். இப்போது மோட்டார் வைத்து இழுத்தால்தான் வருகிறது. கீழே அழுத்தம் போய்விட்டது. ஆகவே இப்போது களியில் ஓட்டை விழுந்தால் நல்ல தண்ணீர் மேலே வராது. உப்பு கீழே போகும். அதனால் போர் போட்டு முடித்ததும் களியையே உருண்டை பிடித்து, பைப்பைச் சுற்றிப் போட்டு, இடித்து அடைப்போம். இதில் மாமா ரொம்பக் கண்டிப்பு. மழை வந்தாலும் அடைக்காமல் கிளம்ப விடமாட்டார்.

கச்சா எண்ணெய்க் குழாய் வரப்போகிறது என்று எனக்குச் சொன்னது என் மச்சான். என் மனைவியின் அண்ணன். வளைகுடாவில் பதினொரு வருஷம் எண்ணெய்க் கிடங்கில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்து ஒரு குட்டியானை வண்டி வாங்கி, பண்ருட்டிக்குப் போய்ப் பலாப்பழம் ஏற்றி வந்து சிதம்பரத்தில் இறக்குவார். பழம் இல்லாத மாசத்தில் வண்டி சும்மா நிற்கும்.

அந்த வாரம் எங்கேயோ வெளிநாட்டில் சண்டை. எண்ணெய்க் கப்பல் வரும் வழியை அடைக்கப் போகிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பைபாஸ் பங்கில் காலையிலிருந்தே வரிசை. சேற்றை இறைக்கிற எங்கள் பம்புக்கு டீசல் வேண்டும். நானும் மாமாவும் கேனோடு நின்றோம். எங்களுக்குப் பக்கத்தில் மச்சான் வண்டியோடு வந்து நின்றார்.

“பாத்தியா மாப்ள. எவனோ எங்கியோ அடிச்சிக்கிறான், நீ இங்க கேனைத் தூக்கினு வெயில்ல நிக்கிற. இதுக்குத்தான் குழாய் வேணும்ங்கிறேன்” என்றார்.

மாமா கேனைக் கீழே வைத்தார். “குழாய்ல இன்னா வரும் தம்பி?”

“கச்சா எண்ணெய், சித்தப்பா.”

“எங்கேர்ந்து?”

“கடல்ல மிதவை போடறாங்க. கப்பல் அங்கியே நின்னு எறக்கிட்டுப் போயிரும். குழாய் ஆத்துக்கு அடியில வந்து, மேற்கால தொட்டில சேரும்.”

“கப்பலு எங்கேர்ந்து வரும்?”

மச்சான் சிரித்துவிட்டார். “வெளிநாட்லேர்ந்துதான்.”

“அப்ப அவன் அடிச்சிக்கினா உன் குழாய்ல இன்னா வரும்? காத்தா?”

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். மச்சானுக்கு முகம் சிவந்தது.

“சித்தப்பா, கேட்டுட்டுப் பேசு. தொட்டி கட்டினா சேத்து வைக்கலாம். பல நாளைக்கு ஓடும். இப்ப இன்னா இருக்கு? ஒரு வாரம் கப்பல் நின்னா நாடே நிக்கும். உங்க பம்பு தண்ணியிலயா ஓடுது? டீசல்லதான ஓடுது?”

“ஓடுது. அதனாலதான் கேக்கறேன். அடுத்தவன் வூட்டு அடுப்புல நம்ம சோத்த வெச்சிட்டு, இன்னும் பெரிய பானையா வாங்கினா அடுப்பு நம்முது ஆயிருமா?”

“நீ இன்னாத்துல வருவ அப்ப? மாட்டு வண்டியிலயா?”

“மாடு எங்கடா இருக்கு? அதையுந்தான் வித்தாச்சி.”

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். “யோவ், நாட்டை அப்பறம் காப்பாத்திக்கலாம், வண்டிய முன்னால உடுய்யா!”

எனக்கு இரண்டு பேர் பேச்சும் சரியாகத்தான் பட்டது. என் கையிலும் கேன் இருந்தது. எங்கள் முறை வந்தபோது பிளாஸ்டிக் கேனில் ஊற்றமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மச்சான்தான் தன் வண்டியில் நிரப்பிக்கொண்டு வந்து, ஊரில் வைத்துக் குழாய் போட்டு உறிஞ்சி எங்களுக்குக் கொடுத்தார்.

அதற்கடுத்த மாசம் குழாய்க் கம்பெனி ஆட்கள் வயல் ஓரமெல்லாம் குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டினார்கள். ஆற்றங்கரை வரை ஒரே கோடாகப் போயிற்று.

கம்பெனியின் மண் பரிசோதனை வண்டி மேற்குக் கரையில் இரண்டு இடத்தில் துளை போட்டுப் பார்த்தது. எங்கள் ஊர் இருக்கிற கிழக்குக் கரைக்கு வந்தபோது அச்சு வரை இறங்கிவிட்டது. ஜேசிபி வைத்து இழுக்க இரண்டு நாள் ஆயிற்று. மறுபடி அதைக் கொண்டுவர அவர்களுக்கு மனசில்லை. அப்போது மச்சான், “எங்க மாப்ளைக்கு இந்த மண்ணு அடி வரைக்கும் மனப்பாடம்” என்று சொல்லி, என்ஜினியரை என்னிடம் கூட்டி வந்தார். கம்பெனி தொட்டி கட்டும் இடத்தில் மச்சானுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி கோயிலுக்கு வேண்டுதல்கூட வைத்திருந்தார்.

என்ஜினியர் இளவயசு. மரியாதையாகப் பேசினார். ஷூவில் சேறு ஒட்டியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நாங்கள் ஒரு வீட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தோம்.

“அண்ணே, ஆத்தங்கரையில கெழக்கால களி எவ்ளோ ஆழத்துல வரும்?”

“ரெண்டு பைப்பு” என்றேன்.

“ஒரு பைப்பு எத்தனை அடி?”

“இருவது.”

“களி எவ்ளோ தடிப்பு?”

“இந்தப் பக்கம் ஜாஸ்தி. ஆத்துகிட்ட கம்மி. ஒரு முழம் இருக்கும்.”

எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமா முக்காலியைப் பிடித்துக்கொண்டே, “படிச்சவன் வந்து உன்கிட்ட பாடம் கேக்கறான் மருமவனே” என்றார். எனக்கும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊரிலிருந்து இரண்டு வேனில் போனோம். மேடையில் அதிகாரிகள். ஓரத்தில் போலீஸ். எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

முதலில் பேசிய அதிகாரி, நமக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது, அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கக் குழாய்தான் வழி, சாலையில் டேங்கர் லாரி குறையும், விபத்து குறையும் என்றார். லால்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயி எழுந்தார். “வெளியிலேர்ந்து வர்ற பொருளை நம்பி இருக்கோம்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அப்படி நம்பி இருக்கறத கொறைக்க வழி பாருங்க சார். குழாய் போட்டு வளக்கறீங்களே” என்றார். அதற்குக் கை தட்டினார்கள். மச்சான் எழுந்து, வளைகுடாவில் தான் பார்த்த குழாய்களைப் பற்றிச் சொன்னார். பாலைவனத்தில் வீட்டுக்கு அடியில்கூடப் போகிறது, யாரும் செத்துவிடவில்லை என்றார். அதற்கும் கை தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் கை தட்டினார்கள்.

பிறகு ஆற்றங்கரையில் கடைசி வீட்டுப் பெண் எழுந்தாள். ஆடு வளர்க்கிறவள். அவள் வீட்டு போரை நான்தான் போட்டேன். என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். கையில் மைக் கொடுத்ததும் அதைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“எல்லாம் சரிங்க. ஆத்துக்கு அடியில தொளை போடறீங்க. எங்க தண்ணி உப்பாச்சின்னா நாங்க எங்க போவோம்?”

அந்த என்ஜினியர்தான் பதில் சொன்னார். திரையில் படம் காட்டினார். ஆறு, மணல், களி எல்லாம் கலர் கலராக இருந்தது. “அம்மா, நல்ல தண்ணி களிக்குக் கீழ இருக்கு. களி நாப்பது அடியில தொடங்குது. எங்க துளை முப்பத்தாறு அடிக்குக் கீழ போகவே போகாது. களியைத் தொடவே மாட்டோம். இது நாங்களா சொல்றது இல்ல. உங்க ஊர்ல போர் போடற அண்ணனையே கேட்டு எழுதினது. அதோ உக்காந்திருக்கார்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுபடியும் கை தட்டினார்கள். எனக்காகத் தட்டினார்கள்.

அவர் சொன்ன நாற்பது அடியை நான் மனசில் பைப்பாக எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் பைப்பைத்தான் எண்ணுவோம். அடியை எண்ணுவதில்லை. பைப்பைத் திருப்ப நெஞ்சு உயரத்தில் பிடி போட வேண்டும். பிடியும் அதற்கு மேலே நீட்டும் துண்டுமாக ஐந்து அடிப் பைப்பு எப்போதும் தரைக்கு மேலேதான் நிற்கும். மண்ணுக்குள் போகாது. ஆனாலும் அதையும் சேர்த்துத்தான் ஒரு பைப்பு, இரண்டு பைப்பு என்போம். எங்களுக்குள் அது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர்கள் கேட்பதில்லை. இரண்டு பைப்பில் களி என்றால் தரையிலிருந்து முப்பத்தைந்து அடியில் களி. நாற்பது இல்லை. என்ஜினியர் இருபதை இரண்டால் பெருக்கி எழுதிவிட்டார். பெருக்கியது சரி. நான் சொன்னதுதான் வேறு.

முப்பத்தாறு அடியில் துளை போனால் ஒரு அடி களிக்குள் போகும். அங்கே களியே ஒன்றரை அடிதான். மீதி அரை அடி. துளை ஒரு ஆள் தவழ்ந்து போகிற அகலம். அதற்குள் சேற்றை அழுத்தி அடிப்பார்கள். அரை அடி நிற்காது.

இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. எழுந்து சொல்லியிருக்கலாம். மைக் இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஊருக்கு வந்து மறுநாள் மனைவியிடம் சொன்னேன். மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

“ஏன் அங்கியே சொல்லல?”

“எல்லாரும் கை தட்டினாங்க.”

“கை தட்டினா வாய் அடைச்சிக்குமா? இன்னாங்க நீங்க.” சட்டியைத் தள்ளி வைத்தாள். “எத்தினி அடி தப்பு?”

“அஞ்சி.”

“போய்ச் சொல்லிட்டு வாங்க. மொதல்ல எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. அதுதான கூட்டினு வந்துச்சி.”

மச்சான் வண்டிக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து சொன்னேன். அவர் வெளியே வரவில்லை. நட்டை முடுக்கிக்கொண்டே பேசினார்.

“அவங்ககிட்ட மெஷின் இருக்கு மாப்ள. உன் கணக்க நம்பியா போடுவாங்க?”

“நம்பித்தான் போட்டிருக்காங்க. படத்துல காட்டினாங்களே.”

“இப்பப் போய் மாத்திச் சொன்னா யார்கிட்டயோ காசு வாங்கிட்டாம்பாங்க.”

“சொல்லட்டும்.”

அதன் பிறகுதான் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். “இத பாரு. எண்ணெயக் குடிக்க முடியுமான்னு ஆளாளுக்குக் கேக்கறான். நான் இருந்த ஊர்ல எண்ணெய எரிச்சித்தான் கடல்தண்ணிய நல்ல தண்ணியா ஆக்கறான். எண்ணெய் இருந்தா தண்ணி வாங்கிக்கலாம். எண்ணெய் இல்லாத நாடு எதையும் வாங்க முடியாது. கெஞ்சித்தான் நிக்கணும்.”

“அது அவன் எண்ணெய் மச்சான். இது நம்ம தண்ணி.”

அவர் பழந்துணி ஒன்றை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் போகவில்லை. பதினெட்டு மாசமாக ஒழுங்கான வருமானம் இல்லாத மனுஷன். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை.

போய்ச் சொல்வதற்கு முன்னால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மாமா. அது நியாயம்தான். ஆற்றங்கரையில் மஞ்சள் துணிக்குப் பக்கத்தில் முக்காலி கட்டினோம். ஒவ்வொரு அடிக்கும் வெளியே வரும் மண்ணை வரிசையாகக் குவித்தோம். இந்தத் தடவை பைப்பை எண்ணவில்லை. கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தரையிலிருந்து அளந்தோம். களி தட்டிப் பைப்பு கைக்குக் கனத்த இடத்தில் நிறுத்தினோம். முப்பத்தைந்து அடிக்கு இரண்டு விரல் குறைவு. மாமா களியை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார். துளையை அடைக்கத் தொடங்கினார். எப்போதும் அடைப்பதைவிட இரண்டு பங்கு களி போட்டார்.

கடலூரில் மஞ்சக்குப்பத்துப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் கம்பெனி ஆபீஸ் இருந்தது. முதல் தடவை போனபோது என்ஜினியர் வேறு ஊருக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டாம் தடவை வேறு ஒரு சார் இருந்தார். ஒரு பையில் களியும், முடிச்சுப் போட்ட கயிறும் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் வைக்க வேண்டாம் என்றார். கீழே வைத்தேன். முழுக்கக் கேட்டார்.

“அப்ப நீங்க அப்ப சொன்னது தப்பு. இப்ப சொல்றது சரி. அப்படித்தானே?”

“ஆமாங்க.”

“நாளைக்கு வந்து இதுவும் தப்பும்பீங்களா?”

“இல்லீங்க. அளந்துட்டேன்.”

“கயித்துலயா?”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார். அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்தி ஒரு நகல் தந்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மனு நாளிலும் ஒன்று கொடுத்தேன். அங்கேயும் முத்திரை குத்தினார்கள். இரண்டு தாளும் வீட்டில் டப்பாவில் இருக்கின்றன.

ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி சரி செய்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்தேன். அது இரண்டாவது தப்பு.

மேற்குக் கரையில் மெஷின் வேலை தொடங்கியது. பகல் முழுக்க ஓடும். காதில் கேட்பதைவிடக் காலில்தான் அதிகம் தெரியும். ஆற்றுத் தண்ணீரில் காற்றில்லாமலே பொடி அலை எழும். எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் அலமாரியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. மனைவி நடுவில் துணி வைத்தாள். ஆட்டுக்காரப் பெண்ணின் ஆடுகள் கரைப்பக்கம் போக மறுத்தன. அவள் அதைப் பேயென்றாள். மாமா, “பேயி டீசல்லயா ஓடும்?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானம் மச்சான் வீட்டுக்கு வந்தார். மெஷின் பக்கம் அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். தலையில் மஞ்சள் தொப்பி. சட்டையில் கம்பெனி பேர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“மாப்ள, சேறு திரும்பி வரல.”

எனக்குப் புரிந்தது. துளைக்குள் அழுத்தி அனுப்புகிற சேறு, மண்ணை வாரிக்கொண்டு வாய் வழியாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ இறங்குகிறது.

“எப்பலேர்ந்து?”

“காலையிலேர்ந்து. கரைச்சி கரைச்சி ஊத்தறாங்க. ரெண்டு லாரி களிப்பொடி தீந்துருச்சி. முழுங்கிட்டே இருக்குது. ஆத்துல பொங்குதான்னு நடந்து பாத்தேன். எங்கியும் பொங்கல.”

“எந்த எடத்துல?”

“கெழக்குக் கரைய நெருங்கி.” தொப்பியை மறு கைக்கு மாற்றினார். “கேட்டா, இதெல்லாம் சகஜங்கிறாங்க. நான் பதினோரு வருஷம் குழாயோட கெடந்தவன். உள்ள போனது வெளிய வரலைன்னா சகஜம் இல்ல மாப்ள.”

மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்காமல் சொம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். “நான் சொன்னேன்னு சொல்லிக்க” என்றார். “வேலை போனாப் போவுது.”

அன்றைக்கே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஆட்களைக் கூப்பிட்டோம். ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். நான் கூட்டத்தில் பேசியதே இல்லை. எழுந்து சொன்னேன். இரண்டு பைப்பு என்றது நான். நாற்பது அடி என்று அவர்கள் எழுதினார்கள். மண்டபத்தில் கேட்டபோதே எனக்குத் தப்பு தெரிந்துவிட்டது. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சேறு உள்ளே இறங்குகிறது. அவ்வளவுதான் பேசினேன்.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவர், “எவ்ளோ வாங்கின?” என்று கேட்டார். மாமா அவரை நோக்கிப் போனார். பிடித்து உட்காரவைத்தார்கள். “நீ எங்க வூட்ல போட்ட போரும் இந்தக் கணக்குதானா?” என்று இன்னொருவர் கேட்டார். ஆமாம், எல்லோருக்கும் இதே கணக்குதான் என்றேன்.

ஆட்டுக்காரப் பெண் எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, அவங்க படம் காட்டினதுக்கா நான் உக்காந்தேன்? எனுக்கு அந்தப் படமே வெளங்கல. உன்னக் காட்டினாங்க. அதனால உக்காந்தேன்” என்றாள்.

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன்.

அங்கிருந்தே எல்லோரும் படகில் ஏறி மேற்குக் கரைக்குப் போனோம். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தோம். போலீஸ் வந்தது. தாசில்தார் வந்தார். மச்சான் தொப்பியை மெஷின்மேல் வைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார். சேறு திரும்பி வராததை அவர்தான் தாசில்தாரிடம் சொன்னார். மெஷினை நிறுத்தினார்கள்.

நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்துப் பெரிய அதிகாரிகள் வந்து பேசினார்கள். அந்தத் துளையைக் கைவிட்டுவிடுகிறோம், சிமெண்ட் கலவை விட்டு அடைத்துவிடுகிறோம், புதிதாக ஆழம் குறைத்து வேறு துளை போடுவோம், அதற்கு முன்னால் ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்றார்கள். எழுதியும் கொடுத்தார்கள். என்னிடம் ஒருவர் கை கொடுத்தார். நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்றார். நல்ல நேரமா என்று எனக்குத் தெரியவில்லை.

சிமெண்ட் லாரி வந்தது. குழாய் வைத்து உள்ளே விட்டார்கள். வாயில் வழிகிற வரைக்கும் விட்டார்கள். வாய் நிறைந்ததைப் பார்த்தோம். அடியில் என்ன ஆயிற்று என்று பார்க்க யாராலும் முடியாது. “களி உருண்டைன்னா கையில தெரியும். இது எங்க போயி நின்னுதோ” என்றார் மாமா.

மச்சானுக்கு வேலை போயிற்று. மறுபடியும் பலாப்பழம் ஏற்றப் போகிறார். டீசல் விலை ஏறும்போதெல்லாம் எனக்குப் போன் பண்ணி, “சந்தோஷமா மாப்ள?” என்பார். திட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் தினமும் கரைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுக்கிறார். குழாய் வேண்டும் என்பதில் அவர் மாறவில்லை. இடம்தான் சரியில்லை என்கிறார். மாமா எந்த இடமும் சரியில்லை என்கிறார். இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

மழைக்காலம் போயிற்று. தை, மாசி போயிற்று. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், “தண்ணி எப்படி இருக்குது?” என்று என்னைத்தான் கேட்டார்கள். நல்லா இருக்கு என்றேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. நாளைக்கு எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கீழே தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வர மாசக் கணக்கு ஆகும்.

பங்குனியில் ஒரு காலை ஆட்டுக்காரப் பெண் வந்தாள். கையில் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம். அதைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். துவரம்பருப்பு. மஞ்சளாக, பருப்பு பருப்பாக அப்படியே இருந்தது.

“அண்ணே, ரெண்டு நாளா பருப்பு வேவ மாட்டேங்குது. எவ்ளோ நேரம் வெச்சாலும் இப்படியேதான் கெடக்குது.”

நான் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன். நசுங்கவில்லை.

“கடைக்காரன் பழைய பருப்ப குடுத்திருப்பான். இல்லண்ணே?” என்றாள். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று என் முகத்தையே பார்த்தாள். மனைவி அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

“பருப்பு நல்ல பருப்புதாம்மா” என்றேன். “தண்ணிதான். உப்பு ஏறினா பருப்பு வேவாது.”

அவள் பாத்திரத்தை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை அழுத்தினாள்.

“எங்க வூடு மட்டுந்தானா?”

“இப்போதைக்கு.”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் உலை வைத்திருந்தார்கள். வாசலில் நின்றே குரல் கொடுத்து, பருப்பு வெந்ததா என்று கேட்டேன்.